வீடியோக்காரம்மாவின் வால் படங்கள்

அந்தத் துறைமுக ஊரில் யார் வீட்டில் கல்யாணம் நிச்சயமானாலும், மண்டபம் பார்ப்பதற்கு முன்பே வீடியோக்காரம்மாவிடம் தேதி கேட்டுவிடுவார்கள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தோடு நின்றுவிட்டது. நெரிசலுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தாலும் அவள் படம் துளிகூட ஆடாது. சூட்சுமம் ரொம்ப எளிது: பொத்தானை அழுத்தியதும் மூச்சை நிறுத்திவிடுவாள். மணப்பெண் சிரித்து முடிக்கும் வரை, மாப்பிள்ளையின் அப்பா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை, அவள் நெஞ்சு அசையாது. இந்தப் பழக்கம்தான் பின்னால் அவளைப் படாத பாடு படுத்தியது.

அவள் கணவர் போட் ஓட்டுகிறவர். டைவிங் பள்ளிக்காரர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய்ப் பவளப்பாறைத் திட்டுக்கு மேலே நிறுத்துவார். அவர்கள் முதுகில் சிலிண்டரோடு தொப்புத் தொப்பென்று குதித்துக் கீழே போய்விடுவார்கள். இவர் மேலே உட்கார்ந்து அவர்கள் விடும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன வயதில் காதுச் சவ்வு கிழிந்துபோனதால் தலையைத் தண்ணீருக்குள் விடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த வலது காதில் சத்தம் பாதிதான் கேட்கும். வேண்டாத பேச்சு என்றால் அந்தப் பாதியும் கேட்காது.

ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"தியேட்டர் வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவன் மாதிரி ஆயிட்டேன். எல்லாரையும் உள்ள அனுப்பறேன். உள்ள என்ன படம் ஓடுதுன்னு எனக்குத் தெரியாது."

"வெளிய வர்றவங்களக் கேக்க வேண்டியதுதானே?"

"கேக்காமலா இருப்பேன்? 'சூப்பர்ணே'ங்கறாங்க. 'செம'ங்கறாங்க. அதுக்கு மேல ஒருத்தன் வாயிலயும் ஒரு வார்த்தை வரல. சூப்பர்னா அது சிவப்பா கறுப்பா, குட்டையா நெட்டையா?"

"டிவியிலதான் கடலுக்கடியில எல்லாம் காட்டறாங்களே."

"அது எவன் வீட்டுக் கடலோ! எனக்கு என் போட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியணும். இவங்களும் போன் கொண்டுட்டுதான் போறாங்க. திருப்பிப் பாத்தா பூரா அவங்கவங்க மூஞ்சி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஊரிலிருக்கிற கல்யாணத்தையெல்லாம் படமெடுத்து ஊருக்கே போட்டுக் காட்டுகிறவள் அவள். சொந்தப் புருஷன் இத்தனை காலமாகப் பார்க்க ஆசைப்பட்டதை மட்டும் எடுத்துத் தர ஆளில்லையா? கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே நாத்தனார் மகளுக்கு போன் போட்டாள்.

நாத்தனார் மகள் அந்த டைவிங் பள்ளியிலேயே டீச்சர். முப்பதைக்கூட எட்டாத பெண். வீட்டில் அத்தை மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு கதை பேசுவாள். தண்ணீரில் இறங்கிவிட்டால் பெற்ற தாயையும் தெரியாது.

"அத்தை, உங்களுக்கு நாப்பத்தெட்டு வயசு ஆகுது."

"காதுக்கு ஒண்ணும் ஆகலையே? நெஞ்சுக்கும் ஒண்ணும் ஆகல. நீச்சல் தெரியும். அப்புறம் என்ன?"

"சரி, வாங்க. ஆனா அங்க நான் உங்க மருமக இல்ல. சொல்லிட்டேன்."

டாக்டரும் பரிசோதித்துவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்றார். பள்ளியின் நீச்சல் குளத்தில் பாடம் ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயில் கவ்விய குழாய் நழுவினால் பதறாமல் தேடிப் பிடிப்பது, எல்லாவற்றையும் மளமளவென்று கற்றுக்கொண்டாள். கல்யாண வீட்டில் கரண்ட் போய், பேட்டரி தீர்ந்து, யாரோ ஜூஸைக் கேமரா மேல் ஊற்றியும் கலங்காதவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

சிக்கல் கேமராவில் வந்தது. முதலில் கேமராகூட இல்லை; மருமகள் அத்தையின் கையில் ஒரு பெரிய சோப்பு டப்பாவைக் கொடுத்து, "இதைக் கேமரான்னு நெனச்சுக்கோங்க" என்றாள்.

"கடலுக்கடியில முதல் சட்டம், ரெண்டாம் சட்டம், மூணாம் சட்டம் எல்லாம் ஒண்ணேதான் அத்தை. மூச்ச நிறுத்தக் கூடாது. மேல வர வர நெஞ்சுக்குள்ள இருக்கற காத்து பெருசாகும். அடக்கி வெச்சீங்கன்னா நுரையீரல் கிழிஞ்சிடும். விளையாட்டு இல்ல."

அத்தை தலையாட்டினாள். தண்ணீருக்குள் போனாள். சோப்பு டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். மூச்சு நின்றது.

டங்!

மருமகள் ஒரு இரும்புக் கம்பியால் அத்தையின் சிலிண்டரைத் தட்டினாள். அத்தை திடுக்கிட்டு மூச்சு விட்டாள். மறுபடி டப்பாவைத் தூக்கினாள். குமிழி நின்றது. டங்! அன்று முழுக்க அந்தக் குளத்தில் கோயில் மணி மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மனசு நினைத்தாலும் உடம்பு கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அவளுக்குச் சோறு போட்ட பழக்கம், ஒரு சோப்பு டப்பாவைப் பார்த்தால்கூட வேலைக்கு வந்துவிட்டது.

கடைசியில் வழியை அவளே கண்டுபிடித்தாள். முனகினாள். டப்பாவைத் தூக்கியதும் 'ம்ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டே காற்றை விடுவது, நிதானமாக இழுப்பது, மறுபடி 'ம்ம்ம்ம்'. முனகுகிற வாய் மூச்சை அடக்க முடியாதல்லவா? குமிழிகள் ஒழுங்காகப் போயின. கம்பி ஓய்ந்தது. மேலே வந்ததும் மருமகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தாள்.

"அத்தை, கொசு மாதிரியே இருக்கு! இருக்கட்டும், அப்படியே எடுங்க."

டப்பாவோடு சில முறை கடலில் இறங்கிப் பழகிய பிறகு, பள்ளியில் சும்மா கிடந்த பழைய கேமரா ஒன்றை அதற்கான தண்ணீர் புகாப் பெட்டியோடு தந்தார்கள். பெட்டியின் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரே ஒரு தலைமயிர் சிக்கினால் போதும், கடல் உள்ளே வந்துவிடும். அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேன் பார்ப்பதுபோல அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் மூடுவாள்.

முதல் படம் எடுத்துவந்த அன்று வீட்டில் ஒரே பரபரப்பு. கணவர் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். நாத்தனாரும் மகளோடு வந்திருந்தாள். படம் ஓடியது. நீலம். மறுபடி நீலம். அந்த நீலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மணல் வந்தது. அவளுடைய இடது கால் வந்தது. அப்புறம் ஒரு வால், அவசரமாக ஓடும் வால். இன்னொரு வால்.

"மீனுக்குத் தலையே கிடையாதா?" என்று நாத்தனார் வெகுளியாகக் கேட்டாள்.

"அது என்ன 'ம்ம்ம்'னு சத்தம்? மோட்டார் எதுவும் ரிப்பேரா?" என்றார் கணவர்.

"நான்தான்."

"ஓ." மனைவி மனம் நோகக் கூடாதே என்று, "தண்ணி நல்லா இருக்கு" என்றார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை காலம் அலையிலேயே வாழ்ந்தவருக்கு அன்றுதான் முதல் தடவையாக, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த இடத்தில், குமட்டிக்கொண்டு வந்தது.

அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. துரத்தினால் மீன் ஓடும், ஓடினால் வால்தான் கிடைக்கும் என்று அடுத்தடுத்த முறைகளில் புரிந்துகொண்டாள். நிறம் பற்றி மருமகள் சொன்னாள்: தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். கீழே சிவப்பு மீன்கூடச் சாம்பல் பூசினாற்போல் தெரிவது அதனால்தான். விளக்கடிக்க வேண்டும், பக்கத்தில் போக வேண்டும், ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லித்தர வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும் மண்டபங்களில் மணப்பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வராமல் காத்தவளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஆனால் மண்டபத்தில் தள்ளி நின்று ஜூம் போட்டால் போதும். இங்கே ஜூம் போட்டால் கலங்கல்தான் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்படிப் போனபோதுதான் வினை வந்தது. ஒரு ஆமை. சாவகாசமாக, கடைத்தெருவுக்குப் போகிற பெரிய மனுஷன் மாதிரி நீந்திக்கொண்டிருந்தது. அவள் கண் முழுக்கத் திரையில். 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே பின்னால் போனாள். உடம்பு மெல்லக் கீழே இறங்கியது தெரியவில்லை. திரும்புவதற்காகக் காலை ஓங்கி உதைத்தாள். காலில் மாட்டியிருந்த துடுப்பு எதிலோ பட்டது. மான்கொம்பு போலக் கிளைத்திருந்த பவளம் ஒன்று முறிந்து மணலில் விழுந்தது.

மருமகள் வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீருக்குள் என்ன சொல்ல முடியும்? கேமராவை அத்தை கையிலிருந்து வாங்கித் தன் மிதவை ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டாள். கட்டைவிரலை உயர்த்தினாள். மேலே போகலாம் என்று அர்த்தம்.

போட்டில் ஏறியதும்தான் பேச்சு வந்தது.

"அது கல்லு இல்ல அத்தை, உயிரு. வருஷத்துக்கு விரலளவு வளர்றதே பெரிய விஷயம். உங்க கால் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியற வரைக்கும் கேமரா கிடையாது."

"தெரியாமப் பட்டுடுச்சுடி. ஆமை போயிட்டிருந்துச்சு..."

"அதான் சொல்றேன். ஆமை தெரிஞ்சுது, கால் தெரியல. மாமா, நீங்களே சொல்லுங்க!"

மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தலையைத் திருப்பி, வலது காதைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கரை வந்து சேரும் வரை அந்தக் காது அப்படியே இருந்தது.

இரண்டு நாள் அவள் மருமகளோடு பேசவில்லை. மருமகள் போன் செய்தால் எடுக்காமல் கணவரிடம் நீட்டினாள். ஆனால் முறிந்த கிளை கண்ணுக்குள்ளேயே நின்றது. கல்யாண வீட்டில் மேடை அலங்காரத்தை இடித்துத் தள்ளிவிட்டு 'தெரியாமப் பட்டுடுச்சு' என்று சொல்லும் வீடியோக்காரனை அவளே எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! மூன்றாம் நாள் காலை, கூப்பிடாமலே போட்டில் போய் உட்கார்ந்தாள். கையை விரித்துக் காட்டினாள்.

"வெறுங்கையோடதான் வந்திருக்கேன். கால எப்படி அடக்கறதுன்னு சொல்லு."

மருமகள் அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்து நடந்தது வெறும் மிதக்கும் படிப்பு. மூச்சை இழுத்தால் உடம்பு ஒரு சாண் ஏறும். விட்டால் ஒரு சாண் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலேயே, கை காலை ஆட்டாமல், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தவளை மாதிரி காலை மடக்கி, பின்னால் மட்டும் தள்ள வேண்டும். தண்ணீரில் இறங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியைத் தேவைக்கு மேல் கட்டியிருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மிகுதியைக் கழற்றியதும் பாதி பாரம் போனது. பிறந்ததிலிருந்து சும்மா இருந்தே பழக்கமில்லாதவளுக்குச் சும்மா நிற்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கையில் கேமரா இல்லாததால் வேறு வழியில்லாமல் வேடிக்கை பார்த்தாள். அப்படிப் பார்த்தபோதுதான் அந்த முட்டுப்பாறை கண்ணில் பட்டது. கவிழ்த்து வைத்த அண்டா போல ஒரு பவளப்பாறை. அதன் மேல் சுண்டுவிரல் நீளத்தில் நீலக் கோடு போட்ட குட்டி மீன்கள் இரண்டு, குதித்துக் குதித்து ஆடிக்கொண்டிருந்தன. முன்னால் பெரிய மீன்கள் வரிசை கட்டி நின்றன. முறை வந்த மீன் வந்து, வாயைப் பிளந்து, செவுளை விரித்து அசையாமல் நிற்கும். குட்டி மீன் உள்ளே புகுந்து பல் இடுக்கு, செவுள், கண்ணோரம் என்று ஒட்டியிருந்த அழுக்கையும் பூச்சியையும் கொத்திச் சுத்தம் செய்யும். முடிந்ததும் பெரிய மீன் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, புதுசாகச் சவரம் செய்துகொண்ட மிடுக்கோடு போகும். ஒரு முரட்டுக் களவா மீன் மட்டும் வரிசையில் நிற்காமல் நடுவே புகுந்தது. கல்யாணப் பந்தியில் அவள் பார்க்காத ஆளா?

அவள் கிட்டே போனால் வரிசை கலைந்தது. தள்ளி மிதந்து காத்திருந்தால் மறுபடி கூடியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அங்கேயே போய் நின்றாள். மண்டபத்திலும் இதேதான்: முதலில் எல்லோரும் கேமராவைப் பார்த்து விறைப்பார்கள், கொஞ்ச நேரம் போனால் இவளை ஒரு தூணாக நினைத்து மறந்துவிடுவார்கள், அதற்கப்புறம்தான் உண்மையான முகம் கிடைக்கும். மீன்களும் கடைசியில் அவளைத் தூணாக ஏற்றுக்கொண்டன. ஒரு நாள் நீலக் கோட்டு மீன் ஒன்று வந்து அவள் விரல் நகத்தையே கொத்திப் பார்த்தது. அவள் குழாய்க்குள்ளேயே சிரித்ததில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

அதைத் தூரத்திலிருந்து பார்த்த மருமகள், பக்கத்தில் வந்து, தன் ஜாக்கெட்டிலிருந்து கேமராவைக் கழற்றி நீட்டினாள்.

அன்று எடுத்த படத்தை வீட்டில் போட்டபோது யாரும் நல்ல சட்டை போட்டுக்கொள்ளவில்லை. கணவர் ஒரு முன்னெச்சரிக்கையாக வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். படம் ஓடியது. ஆடவில்லை. பாறை வந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. வரிசை வந்தது. களவா வாயைப் பிளந்தது. குட்டி மீன் உள்ளே போனது. வாயின் ஒரு மூலைக்குப் போய்க் கண்ணுக்கு மறைந்தது.

"தின்னுடுச்சு!" என்று நாத்தனார் அலறினாள்.

"இருங்கண்ணி."

குட்டி மீன் செவுள் வழியாக வெளியே வந்தது. நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கணவர் எப்போதோ எழுந்து போய் டிவிக்கு ரொம்பக் கிட்டே நின்றுகொண்டிருந்தார்.

"இது எங்க?" என்றார் மெதுவாக.

"நீங்க போட்ட நிறுத்தறீங்களே, அதுக்கு நேர் கீழதான். கொஞ்சம் வடக்கால."

"எனக்குக் கீழயா? நான் மேல உக்காந்து டீ குடிக்கும்போது கீழ இந்தக் கூத்தா நடக்குது?" திரையில் கையை வைத்தார், கண்ணாடியில் அந்தக் களவாவைத் தொடுவதுபோல. "மறுபடி போடு."

மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை அவரே போட்டார். பாறை முடிந்ததும் படம் தொடர்ந்து ஓடியது. மேலே வரும்போது அவள் கேமராவை அணைக்கவில்லை. வெளிச்சத்துக்கு நடுவே ஒரு படகின் அடிவயிறு தெரிந்தது: பச்சைப் பாசி தாடி மாதிரி தொங்கியது, அங்கங்கே சிப்பி அப்பியிருந்தது, பொடி மீன்கள் அதைச் சுற்றிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"அடச்சே! எவன் போட் இது?" என்று கணவர் முகம் சுளித்தார். "இப்படி அசிங்கமா வெச்சிருக்கான். மனுஷனா அவன்?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன், எனக்குத் தெரிஞ்சவனா?"

"நல்லாவே தெரிஞ்சவர்தான்" என்றாள் மனைவி. "எதிர்லதான் நிக்கிறாரு."

ஊரிலேயே அழகான போட் என்று தினமும் மேல்பக்கத்தைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர் அவர். அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து சரிந்தாள். அடுத்த வாரமே போட்டைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார். இந்த முறை அடிவயிற்றுக்கும் நல்ல பெயிண்ட்.

அதற்கப்புறம் போட்டில் அவர் பேச்சே மாறிப்போனது. குதிக்கப் போகிறவர்களை நிறுத்தி வைத்து, "வடக்கால ஒரு முட்டுப்பாறை இருக்கு. தள்ளி நின்னு பாருங்க, கிட்டப் போனா கடைய மூடிடும். கால் ஜாக்கிரதை" என்று பாடம் நடத்தினார். ஒரு தடவைகூடத் தண்ணீரில் தலை நனைக்காத மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று புதிதாக வந்தவர்கள் வியந்தார்கள். சனி, ஞாயிறுகளில் அவள் பழையபடி கல்யாணங்களுக்குப் போனாள். அங்கேயும் இப்போதெல்லாம் மூச்சை அடக்குவதில்லை. ஒரு மணப்பெண்ணின் தகப்பனார் மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பிரமாதம்மா. ஆனா பின்னாடி ஒரு கொசு சத்தம் கேட்டுட்டே இருக்கே?" என்று கேட்டார். மண்டபத்தில் மருந்தடிக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

சமீபத்தில் வீட்டில் ஒரு பந்தயம். முட்டுப்பாறைக்குப் பக்கத்துப் பொந்தில் ஒரு விலாங்கு இருக்கிறது. படத்தில் அது ஒரு சமயம் இடது ஓட்டையிலும், ஒரு சமயம் வலது ஓட்டையிலும் தலையை நீட்டியது. ஒரே விலாங்குதான், உள்ளே வழி இருக்கிறது என்பது கணவர் கட்சி. இரண்டு விலாங்கு, புருஷன் பெண்டாட்டி என்பது அவள் கட்சி. தோற்றவர் ஒரு மாசத்துக்கு டைவிங் சாமான்களைக் கழுவ வேண்டும்.

அவள் கீழே போய், இரண்டு ஓட்டையும் தெரியும்படி மிதந்து, சிலிண்டரில் காற்று குறைந்து மருமகள் சைகை காட்டும் வரை காத்திருந்தாள். போட்டில் ஏறியதும் ஈரக் கையோடு கேமராவை அவர் முன்னால் நீட்டினாள். இடது ஓட்டையில் ஒரு தலை. வலது ஓட்டையில் ஒரு தலை. ஒரே நேரத்தில்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"ரெண்டு தலை தெரியுது. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு தலைன்னா இன்னொண்ணு ஏன் வாலா இருக்கக் கூடாது?"

"வாலுக்கு எங்கயாவது கண்ணு இருக்குமா?"

"நீ எடுத்த வால் படத்துல எதெதுக்கு என்னென்ன இருந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்?"

மருமகள் இருவருக்கும் நடுவே ஈரமான ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து குவித்து, தண்ணீர்க் குழாயை மாமாவின் கையில் திணித்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கழுவ ஆரம்பித்தார்.